கல்லூரி ஃபுட்பால் முடிந்தபின் என்ன செய்தீர்கள்? கடைசி வருடத்துப் பையன் கேட்கிறேன்

லெஃப்ட்பேக்_3 (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். பி.காம். மூன்றாம் ஆண்டு. ஊர் கன்னியாகுமரி மாவட்டத்துக் கடலோரம், படிப்பது சென்னையில். ஸ்போர்ட்ஸ் கோட்டாவில்தான் சீட் கிடைத்தது. ஃபீஸ் கிடையாது, ஹாஸ்டல் சாப்பாடும் இலவசம். அதற்குப் பதில் காலை ஐந்தே முக்காலுக்குக் கிரவுண்டில் நிற்க வேண்டும். மூன்று வருடம் நின்றேன். ஒரு நாள்கூட அது பாரமாகத் தெரியவில்லை.

போன மாதம் தென்மண்டலப் பல்கலைக்கழகப் போட்டிக்காகக் கேரளா போயிருந்தோம். காலிறுதியில் டைபிரேக்கரில் தோற்றோம். திரும்பும்போது ரயிலில் யாரும் வாய் திறக்கவில்லை. காட்பாடி தாண்டிய பிறகுதான் எனக்கு உறைத்தது: பல்கலைக்கழக ஜெர்சியில் இதுதான் என் கடைசி மேட்ச். மறுநாள் ஜெர்சியைத் துவைத்துக் கொண்டுபோய் ஸ்டோரில் கொடுத்தேன். நோட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். அவ்வளவுதான்.

இப்போதும் ஐந்து மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. எழுந்து உட்கார்ந்திருக்கிறேன். அப்பா விசைப்படகில் போகிறவர். போனில், "அடுத்து என்ன மக்கா?" என்று கேட்டார். பதில் சொல்லத் தெரியவில்லை. எங்கள் பக்கத்தில் மைக்கேல் சூசைராஜைத் தெரியாத வீடு இல்லை. இரயுமன்துறைக்காரர், ஐ.எஸ்.எல். என்ற நாட்டின் உச்ச கிளப் லீக் வரை போனார். எல்லோரும் அவரைக் காட்டித்தான் பேசுகிறார்கள். நான் அந்த அளவு ஆட்டக்காரன் இல்லை என்று எனக்குத் தெரியும். நல்ல லெஃப்ட் பேக் (இடது பக்கத் தடுப்பாட்டக்காரன்), அவ்வளவுதான்.

ஒரு அரியர் பாக்கி இருக்கிறது. உங்களில் கல்லூரிக்கு ஆடியவர்கள் யாராவது இருந்தால், முடித்த பிறகு என்ன செய்தீர்கள் என்று சொல்லுங்கள். வேலையைப் பற்றியும் சொல்லுங்கள், இந்த விடிகாலையைப் பற்றியும் சொல்லுங்கள்.

---

பழைய_கோலி

தம்பி, நான் 2009இல் முடித்தவன். கோல்கீப்பர். இப்போது மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் வேலை, ஸ்போர்ட்ஸ் கோட்டாதான். முதலில் வேலை விஷயம்.

கையில் ஃபார்ம் 3 வாங்கிவிட்டாயா? கல்லூரியில் கொடுக்கும் கலர் சர்டிஃபிகேட்டைச் சொல்லவில்லை. அது சட்டம் போட்டுச் சுவரில் மாட்டத்தான் ஆகும். மத்திய அரசு விளையாட்டு ஒதுக்கீட்டுக்குத் தனித்தனிப் படிவங்கள் உண்டு. இந்தியாவுக்கு ஆடியவருக்கு ஃபார்ம் 1, மாநிலத்துக்காகத் தேசியப் போட்டியில் ஆடியவருக்கு 2, பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் ஆடியவருக்கு 3, தேசியப் பள்ளி விளையாட்டுக்கு 4. உனக்குரிய ஃபார்ம் 3-இல் பல்கலைக்கழகத்தின் விளையாட்டுப் பொறுப்பு அதிகாரி கையெழுத்துப் போட வேண்டும். உன் கல்லூரி பி.டி. சார் கையெழுத்து அங்கே செல்லாது.

என்னோடு ஆடிய ஸ்டாப்பர் ஒருவன், எங்கள் எல்லோரையும்விட நல்ல பிளேயர், "அப்புறம் வாங்கிக்கொள்ளலாம்" என்று விட்டுவிட்டான். மூன்று வருடம் கழித்துப் போனால் பழைய அதிகாரி ஓய்வு பெற்றுவிட்டார், டீம் லிஸ்ட் ஃபைல் கிடைக்கவில்லை. அலைந்து அலைந்து அவன் கையெழுத்து வாங்கும்போது விண்ணப்பத் தேதி முடிந்து பதினோரு நாள். அந்தப் பதினோரு நாளை இன்றைக்கும் சொல்லிச் சொல்லி வருந்துவான்.

ரயில்வேயை நம்பியிருந்தால் இதையும் தெரிந்துகொள். வயது 25-க்குள் இருக்க வேண்டும், தளர்வு கிடையாது. மொத்தம் 100 மதிப்பெண். ட்ரயல்ஸுக்கு 40, சாதனைக்கு 50, படிப்புக்கு 10. ட்ரயல்ஸில் 25 எடுத்தால்தான் அடுத்ததைப் பார்ப்பார்கள். பல்கலைக்கழக ஆட்டத்தை வைத்து உள்ளே போவதென்றால் அகில இந்திய அளவில் முதல் மூன்று இடத்துக்குள் வந்திருக்க வேண்டும். மண்டலத்தில் முதல் நான்கு அணிகள்தான் அகில இந்தியப் போட்டிக்கே போகும் என்பது உனக்குத் தெரியும். காலிறுதியோடு நின்றது அங்கேதான் வலிக்கும். மறைத்துச் சொல்ல எனக்கு மனம் இல்லை. மாநில அணிக்கு வந்து தேசியப் போட்டி ஆடினால் அந்த வழி வேறு. மற்ற மத்திய அரசுத் துறைகளின் குரூப் சி வேலைகளுக்குப் பல்கலைக்கழக அணியில் ஆடியிருந்தாலே விண்ணப்பிக்கலாம். ஆனால் வரிசையில் மாநில வீரர்களுக்குப் பின்னால்தான் நிற்பாய்.

---

லெஃப்ட்பேக்_3

கோலி அண்ணா, ஃபார்ம் 3 இன்னும் வாங்கவில்லை. கோர்ஸ் முடிந்ததும் எல்லோருக்கும் சேர்த்து வாங்கலாம் என்றார்கள், நானும் விட்டுவிட்டேன். நாளைக்கே போகிறேன்.

---

பழைய_கோலி

போ. மண்டலப் போட்டிக்குப் போன டீம் லிஸ்ட் நகல், மெரிட் சர்டிஃபிகேட், பத்தாம் வகுப்பு மார்க்ஷீட் மூன்றையும் எடுத்துப் போ. அப்பா பெயரும் இனிஷியலும் எல்லாவற்றிலும் ஒன்றுபோல இருக்கிறதா என்று பார். உங்கள் பக்கம் வீட்டுப்பெயர், ஞானஸ்நானப் பெயர் என்று இரண்டு மூன்று இருக்கும். அதிலேயே நிறைய பேர் மாட்டியிருக்கிறார்கள்.

---

முட்டிகட்டு

நான் விடிகாலையைப் பற்றி எழுதுகிறேன். வேலையைப் பற்றி அண்ணன் சொன்னதைவிடச் சொல்ல எனக்குத் தெரியாது.

மூன்றாம் ஆண்டு, கல்லூரிகளுக்கு இடையிலான நாக்-அவுட். யாரும் என்னை இடிக்கவில்லை. பந்தை நிறுத்தித் திரும்பினேன், ஸ்டட் மண்ணில் மாட்டிக்கொண்டது, உடம்பு மட்டும் திரும்பியது. டப் என்று ஒரு சத்தம். முட்டிக்குள் இருக்கும் ஏ.சி.எல். தசைநார் கிழிந்துவிட்டது. வீட்டில் நகை அடகு வைத்துத்தான் ஆபரேஷன். டாக்டர் ஒன்பது மாதம் என்றார். பிசியோவுக்குப் போக வரப் பணம் இல்லாததால் நான்காவது மாதத்தோடு நிறுத்திவிட்டேன். வாழ்க்கையில் நான் செய்த தவறுகளில் மிகப் பெரியது அதுதான். ஆபரேஷன் பாதி வேலைதான், மீதி அந்தத் தொடைத் தசையைத் திரும்ப வளர்ப்பதில் இருக்கிறது. காயத்தோடு இருப்பவர்கள் இதைப் படித்தால் தயவுசெய்து பிசியோவை மட்டும் விடாதீர்கள். வீட்டிலேயே செய்யக்கூடிய பயிற்சிகளை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

சூசைராஜுக்கும் 2020-21 ஐ.எஸ்.எல். சீசனின் முதல் மேட்சிலேயே முட்டி போனது. அந்த சீசன் முழுக்க வெளியே இருந்தார், பிறகு திரும்பி வந்து ஆடினார். அவருக்குப் பின்னால் ஒரு கிளப் இருந்தது. கல்லூரிப் பையனுக்குப் பின்னால் அம்மாவின் வளையல்தான் இருக்கிறது.

இப்போது கோயம்புத்தூரில் ஐ.டி. சப்போர்ட் வேலை. முதல் இரண்டு வருடம் கிரவுண்டு இருக்கும் தெரு வழியாகவே போக மாட்டேன், சுற்றிப் போவேன். சாப்பாடு மட்டும் பழையபடியே. காலை பத்து இட்லி, மத்தியானம் மலைபோல் சோறு. ஓடுவது நின்றுவிட்டது, தின்பது நிற்கவில்லை. 14 கிலோ ஏறினேன். அதைவிட மோசம், யாராவது "நீ என்ன செய்கிறாய்?" என்று கேட்டால் வாயில் பதில் வராது. பத்தாம் வயதிலிருந்து "ஃபுட்பால் பிளேயர்" என்று சொல்லிப் பழகியவன்.

தம்பி, ஐந்து மணிக்கு விழிப்பு வந்தால் உட்கார்ந்திருக்காதே. எழுந்து ஓடு, பந்து இல்லாவிட்டாலும் பரவாயில்லை. எனக்கு அதைச் சொல்ல அன்றைக்கு யாரும் இல்லை.

---

கணக்கு_வகுப்பு

நான் ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறவன். நான் சொல்வது பிடிக்காமல் போகலாம், ஆனால் பதினெட்டு வருடம் பார்த்ததைச் சொல்கிறேன்.

டீமில் ஆடும் பையன்களுக்கு ஓ.டி. (ஆன் டியூட்டி) கொடுக்கிறோம். 75 விழுக்காடு வருகையைக் கணக்கில் சரிசெய்துவிடலாம். விட்ட வகுப்பை யார் சரிசெய்வது? சீசன் நேரத்தில் ஆறு வாரம் வரமாட்டார்கள். வந்தால் கடைசி பெஞ்சில் களைத்துத் தூங்குவார்கள். பாவம் என்று எழுப்பாமல் விட்டிருக்கிறேன், அதுவும் என் தவறு. மூன்றாம் ஆண்டு முடிவில் நான்கு அரியர், ஐந்து அரியர். ஸ்போர்ட்ஸ் கோட்டா வேலைக்கு டிகிரி கேட்கும்போது அரியர் முன்னால் வந்து நிற்கும். கல்லூரிக்குக் கோப்பை வந்துவிட்டது, அலமாரியில் வைத்தாகிவிட்டது. பையன்?

எனவே லெஃப்ட்பேக், உன் முதல் வேலை அந்த ஒரு அரியரை முடிப்பது. ட்ரயல்ஸ் எல்லாம் பிறகு. ஃபுட்பால் ஆடி வாழலாம் என்ற எண்ணத்தை ஓரம் வைத்துவிடு. 2025 ஜூலையில் ஐ.எஸ்.எல். சீசனையே நிறுத்திவைத்தார்கள், நினைவிருக்கிறதா? ஒளிபரப்பு, வணிக உரிமை ஒப்பந்தம் முடிகிறது என்று. சில கிளப்புகள் வீரர்களின் சம்பளத்தை நிறுத்தின. நாட்டின் உச்ச நிலையில் ஆடுபவர்களுக்கே அந்தக் கதி.

---

சென்டர்ஹாஃப்_அக்கா

சார் சொல்வதில் அரியர் விஷயம் முழுக்கச் சரி. "ஓரம் வைத்துவிடு" என்பதை மட்டும் ஏற்க முடியவில்லை.

நான் திண்டுக்கல் பக்கம். கல்லூரியில் சேர்ந்தபோது பெண்கள் அணிக்குப் பதினோரு பேர் தேறவில்லை. ஹாக்கிப் பெண்கள் இருவர், கபடிப் பெண் ஒருத்தி, இவர்களைச் சேர்த்துத்தான் முதல் வருடம் ஆடினோம். 8-0 தோற்றோம். மூன்றாம் வருடம் அதே அணியை 1-0 ஜெயித்தோம். வெளியூர் போனால் வகுப்பறை பெஞ்சை நகர்த்திவிட்டுத் தரையில் படுக்கை. டாய்லெட் எங்கே இருக்கிறது, தாழ்ப்பாள் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் முதல் வேலை. காலையில் ஊறவைத்த கொண்டைக்கடலை ஒரு பிடி, வாழைப்பழம், முட்டை. அப்பாவுக்கு ஷார்ட்ஸ் போட்டு ஆடுவது பிடிக்கவே இல்லை. செமி ஃபைனலுக்கு வந்து வேலிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் பஸ் ஏறிப் போனார். அடுத்த வாரம் புது ஸ்டட் வாங்கித் தந்தார்.

2018இல் கட்டாக்கில் தமிழ்நாட்டுப் பெண்கள் மணிப்பூரை ஃபைனலில் 2-1 என்று ஜெயித்துத் தேசிய சாம்பியன் ஆனார்கள். மணிப்பூரை! அன்றைக்கு ஹாஸ்டலில் நாங்கள் அழுத அழுகை இன்றும் மறக்கவில்லை. அடுத்த ஆண்டு மதுரை சேது எஃப்.சி. இந்தியப் பெண்கள் லீக்கையே வென்றது. கடலூர் இந்துமதி கதிரேசன் இந்திய அணிக்கு நடுக்களத்தில் ஆடிக்கொண்டே தமிழகக் காவல்துறையில் சப்-இன்ஸ்பெக்டர். எங்கள் திண்டுக்கல் ரூபா தேவி ஆட்டக்காரியாக இருந்து ரெஃப்ரி ஆனார், 2016இல் ஃபிஃபா பட்டியலுக்கே போனார். இவர்கள் ஃபுட்பாலை ஓரம் வைத்திருந்தால் எங்களைப் போன்ற நூறு வீட்டில் கதவு திறந்திருக்காது, சார்.

நான் அவ்வளவு தூரம் போகவில்லை. உடற்கல்விப் பட்டமான பி.பி.எட். முடித்தேன், உதவி பெறும் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை. இந்திய ஃபுட்பால் ஃபெடரேஷனான ஏ.ஐ.எஃப்.எஃப்.பின் டி நிலைக் கோச்சிங் லைசென்ஸ் எடுத்தேன், அடுத்து சி. என் பிள்ளைகளில் மூன்று பேர் மாவட்ட அணியில் இருக்கிறார்கள். தமிழக அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு இருக்கிறது, அதற்கு எந்தப் போட்டி, எந்தப் பதக்கம் கணக்காகும் என்ற பட்டியலை அவர்களுக்கு ஒன்பதாம் வகுப்பிலேயே படித்துக் காட்டிவிடுகிறேன். எனக்கு யாரும் காட்டவில்லை.

---

கணக்கு_வகுப்பு

அக்கா, நான் சொன்னதை மாற்றிக்கொள்கிறேன். ஆடி மட்டுமே வாழலாம் என்று நம்பிப் படிப்பை விடாதே என்று சொல்லியிருக்க வேண்டும். லெஃப்ட்பேக், எந்தப் பேப்பர் அரியர்? தனிச்செய்தியில் அனுப்பு.

---

டாலஸ்_அப்பா

நான் எழுதுவது வேறு ஊர்க் கதை. ஆனால் அந்த விடிகாலை விஷயத்தைப் படித்ததும் எழுதத் தோன்றியது.

என் மகள் இங்கே அமெரிக்காவில் நான்கு வருடம் கல்லூரி அணியில் ஆடினாள். கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் மூன்றாம் டிவிஷன். அந்த டிவிஷனில் விளையாட்டுக்கென்று ஸ்காலர்ஷிப் கிடையாது. முதல் டிவிஷனிலும் எல்லோருக்கும் முழுப் பணம் கிடைக்கும் என்று நம் ஊர்ப் பெற்றோர் நினைக்கிறார்கள். பல வருடம் ஆண்கள் அணி ஒன்றுக்கு 9.9 ஸ்காலர்ஷிப், பெண்கள் அணிக்கு 14 என்றுதான் உச்ச வரம்பு இருந்தது. இருபத்தைந்து முப்பது பேருக்கு அதைத்தான் பிய்த்துப் பிய்த்துக் கொடுத்தார்கள். 2025-26 முதல் அந்தக் கணக்கு மாறி, புதிய முறைக்குள் வந்த கல்லூரிகளில் அணிக்கு 28 பேர் என்ற வரம்பு வந்திருக்கிறது.

ஆட்டமே கொஞ்சம் வேறு. கடிகாரம் 45-இலிருந்து பின்னோக்கி ஓடும், வெளியே போன பிளேயர் திரும்ப உள்ளே வரலாம். ஆகஸ்டில் தொடங்கி நவம்பர், டிசம்பருக்குள் சீசன் முடிந்துவிடும். மூன்றரை மாதத்தில் எல்லா மேட்சும். வியாழன் இரவு பஸ்ஸில் ஆறு மணி நேரம், மடியில் கெமிஸ்ட்ரி புத்தகம். ஒன்று மட்டும் நன்றாகச் செய்தார்கள்: அணியில் இருப்பவர் மார்க் குறைந்தால் ஆட விடமாட்டார்கள், பாடம் சொல்லிக்கொடுக்க ஆள் வைத்துவிடுவார்கள்.

கடைசி வருடம் நவம்பரில் தோற்றார்கள். ஜனவரியில் இரவு பதினொன்றுக்கு போன் செய்து, "அப்பா, சாயங்காலம் நாலு மணிக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை" என்று அழுதாள். உன் ஐந்து மணி, அவளுக்கு நாலு மணி. அவளோடு ஆடியவர்களில் ஒருத்தியும் ப்ரோ ஆகவில்லை. நர்ஸ், ஆசிரியை, கணக்காளர். என் மகள் ஆஸ்பத்திரி லேபில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை பெரியவர்கள் லீக்கில் ஆடுகிறாள், போன மாதம் நாற்பத்தாறு வயது அம்மா ஒருவர் அவள் கால்களுக்கு நடுவே பந்தைத் தட்டி நட்மெக் செய்துவிட்டாராம். அதைச் சொல்லும்போது அவள் குரலில் அவ்வளவு சந்தோஷம்.

---

செவன்ஸ்_ராத்திரி

நான் கல்லூரி முடித்து மூன்று சீசன் கேரளாவில் மலப்புறம் பக்கம் செவன்ஸ், அதாவது அணிக்கு ஏழு பேர் ஆடும் ஃபுட்பால், ஆடினேன். நவம்பரில் இருந்து மே வரை, ஃப்ளட் லைட், மூங்கிலும் பாக்கு மரமும் கட்டிய கேலரி, நிற்க இடம் இருக்காது. மேட்ச் முடிந்ததும் கையில் பணம். வீட்டுக்கு அனுப்ப முடிந்தது, அதில் எனக்குப் பெருமை உண்டு. ஆனால் அந்த ஆட்டத்துக்கு ஃபெடரேஷன் அங்கீகாரம் இல்லை, சர்டிஃபிகேட் எதுவும் வராது. அடி பட்டால் உன் பாடு. ஒரு சீசன் ஆடலாம் என்று போய் மூன்று சீசன் ஆனது, திரும்பிப் பார்த்தால் வயது 25 தாண்டிவிட்டது. மேலே கோலி அண்ணன் எழுதியது எனக்கு அப்போது தெரியாது. போகாதே என்று சொல்ல மாட்டேன் தம்பி. வேலைக்கு விண்ணப்பம் போட்டுவிட்டுப் போ.

---

நேருபார்க்

சென்னை லீக்கைப் பற்றி யாரும் எழுதவில்லையே. கல்லூரி முடித்தவனுக்கு அதுதான் முதல் படி. கீழ் டிவிஷன் கிளப் ஒன்றில் சேர்ந்து ஆடு. ஐ.சி.எஃப்., சதர்ன் ரயில்வே, இந்தியன் பேங்க், வருமான வரி, ஏ.ஜி. ஆபீஸ் போன்ற அணிகளை நடத்துகிறவர்களின் கண் அந்த லீக்கில்தான் இருக்கும். லீக்கில் நன்றாக ஆடினால் மாநில அணி கேம்புக்குக் கூப்பிடலாம். மாநில அணிகள் மோதும் தேசியப் போட்டியான சந்தோஷ் டிராபி ஆடினால் ஃபார்ம் 2 வரும். காலிறுதியில் போனதை அங்கே பிடிக்கலாம். இடது கால் டிஃபெண்டர் கிடைப்பது இங்கே ரொம்பக் கஷ்டம், அதைக் குறைவாக நினைக்காதே.

ஒன்று மட்டும் கவனம். ஒரு துறை அணியில் என்னை "வேலை வரும், வரும்" என்று சொல்லி மாதத் தொகையில் நான்கு வருடம் ஆடவைத்தார்கள். வேலை வரவில்லை. எந்த வருடம் அறிவிப்பு வரும், எத்தனை இடம் என்று முதல் நாளே கேள். கேட்டால் கோபித்துக்கொள்வார்கள் என்று பயந்து நான் கேட்கவில்லை.

---

பழைய_கோலி

நேருபார்க் சொன்ன சந்தோஷ் டிராபி வழிதான் உனக்குப் பொருந்தும் தம்பி. லீக் ரிஜிஸ்ட்ரேஷன் தேதியை விட்டுவிடாதே.

---

லெஃப்ட்பேக்_3

நான்கு மாதம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும்.

ஃபார்ம் 3 கிடைத்துவிட்டது. ஐந்து முறை போனேன். கோலி அண்ணன் சொன்னபடியே மார்க்ஷீட்டில் ஒரு இனிஷியல், டீம் லிஸ்டில் வேறு இனிஷியல். எங்கள் பி.டி. சார் கடிதம் கொடுத்துச் சரிசெய்தார். கணக்கு சார் ஆறு ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் காஸ்ட் அக்கவுண்டிங் நடத்தினார், அரியர் முடிந்தது, 52 மார்க். சார், உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

பரீட்சை முடிந்து ஊருக்கு வந்தேன். காலையில் கடற்கரையில் ஓடுகிறேன். முதல் வாரம் தனியாகத்தான் ஓடினேன். பிறகு பக்கத்து வீட்டுப் பையன்கள் இரண்டு பேர் பின்னாலேயே வந்தார்கள், இப்போது பதினேழு பேர். வலையை இரண்டு கம்பில் கட்டி கோல்போஸ்ட் ஆக்கியிருக்கிறோம். அப்பா கடலுக்குப் போகாத நாளில் வந்து உட்கார்ந்து பார்க்கிறார். நேற்று ஒரு குட்டிப் பையனிடம், "பந்தைப் பார்க்காதே, ஆளைப் பாரு" என்று சத்தம் போட்டார். என் மேட்ச் ஒன்றைக்கூட அவர் பார்த்ததில்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

சென்னையில் இரண்டாம் நிலை லீக் கிளப் ஒன்று ட்ரயல்ஸுக்குக் கூப்பிட்டிருக்கிறது. திங்கட்கிழமை குழித்துறையில் அனந்தபுரி எக்ஸ்பிரஸ் ஏறுகிறேன். நேருபார்க் அண்ணா, செவ்வாய் காலை நீங்கள் கிரவுண்டில் இருப்பீர்களா? ஷின் கார்டு ஒன்று உடைந்துவிட்டது, ஒரு ஜோடி இரவல் வேண்டும்.

---

நேருபார்க்

காலையில் மெயின் கேட்டில் நிற்கிறேன். ஷின் கார்டு இருக்கிறது. வெறும் வயிற்றோடு வராதே, எழும்பூரில் இறங்கியதும் இரண்டு வாழைப்பழமாவது சாப்பிட்டுவிட்டு வா.